தாத்தா வீட்டு ஊஞ்சலும் புனே ஃப்ளாட்டும்

போன வருஷம் ஆவணி மாசம் அப்பா ஃபோன் பண்ணினார். "சாப்டியா, குழந்தை எப்படி இருக்கா" எல்லாம் முடிந்த பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "ஊர் வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சுப்பா" என்றார்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கொள்ளுத்தாத்தா காலத்து வீடு. நாலு வருஷமாகப் பூட்டித்தான் கிடந்தது. வாங்குகிறவர் இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப்போகிறாராம். "ஆளுக்கு ஒரு சாமான் எடுத்துக்கலாம்னு பெரியப்பா சொல்லிட்டார். மிச்சத்தைக் காரைக்குடிக்காரர் ஒருத்தர் மொத்தமா எடுத்துக்கறேங்கறார். உனக்கு என்ன வேணும்னு தீபாவளிக்குள்ள சொல்லு."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஊஞ்சல்தான் என்றேன். ஆறரை அடி நீளம், இரண்டேகால் அடி அகலம், ஒட்டுப் போடாத ஒரே தேக்குப் பலகை. அப்பாவைத் தாலாட்டியதும் அதில்தான், பாட்டி கடைசி மதியம் படுத்திருந்ததும் அதில்தான்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கடா மாட்டுவே?" என்றார்.

நியாயமான கேள்வி. எங்கள் ஹால் பதினாறுக்குப் பத்து. அன்று ராத்திரியே டேப்பை எடுத்துக்கொண்டு அளக்க ஆரம்பித்தேன். தங்கமணி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முதல்ல அந்தப் பர்மா தேக்கு டேபிளுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றாள்.

அந்த டேபிள் கதையையும் சொல்லிவிடுகிறேன். புனேவுக்கு வந்து சொந்த ஃப்ளாட் வாங்கிய புதிதில், 'வெள்ளைக்காரன் காலத்து எழுது மேஜை' என்று சொல்லி ஒரு கடையில் என் தலையில் ஒன்றைக் கட்டினார்கள். கருகருவென்று, பித்தளைப் பிடி போட்டு, பார்க்க அம்சமாக இருந்தது. ஒரு மழைக்காலம் போனதும் டிராயர் திறக்க மறுத்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே முழுக்க ஸ்டார் ஸ்க்ரூ. அந்தக் கூட்டல் குறி ஸ்க்ரூவுக்கு ஹென்றி பிலிப்ஸ் அமெரிக்காவில் பேடண்ட் வாங்கியதே 1936இல்தான். விக்டோரியா மகாராணி காலத்து மேஜைக்குள் அது எப்படிப் போயிற்று என்று கடைக்காரரிடம் கேட்டேன். "ரிப்பேர் பண்ணியிருப்பாங்க சார்" என்றார். மேஜை முழுவதையுமா?

அதற்குப் பிறகு ரோஷம் வந்து, பழைய சாமான்களைப் பற்றிப் படிக்கவும், ஞாயிற்றுக்கிழமைகளில் மங்கள்வார் பேட்டை ஜூனா பஜாரில் சுற்றவும் ஆரம்பித்தேன். அங்கே பல வருஷம் பழக்கமான ஒரு காகா, நான் எதையாவது தொட்டால் விலை சொல்லமாட்டார். "இது எந்த வீட்டுச் சாமான் என்று சொல்லு பார்ப்போம்" என்று மராத்தியில் கேட்பார். அரசு வேலையில் இருந்து ரிடையர் ஆன மனிதர், வாத்தியார் மாதிரி. ஆனால் அந்த ஒரு கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தது. நாற்காலியோ கட்டிலோ, ஏதோ ஒருவகை வீட்டுக்காக, அந்த வீட்டில் மனிதர்கள் உட்கார்ந்த விதத்துக்காகச் செய்ததுதான். அது தெரியாமல் நம் வீட்டுக்குப் பொருந்துமா என்று பார்ப்பது, அளவு கேட்காமல் சட்டை வாங்குகிற கதை.

புனேயில் இப்படி மூன்று வகை வீடுகளின் சாமான்கள் கலந்து கிடக்கின்றன.

முதல் வகை வாடா. பேஷ்வாக்கள் காலத்து வீடு. நம் ஊர்க்காரர் யாரையாவது ஒரு பழைய வாடாவுக்குள் கண்ணைக் கட்டி அழைத்துப்போய் விட்டால் தஞ்சாவூர் என்றுதான் சொல்வார். நடுவில் சௌக், அதாவது முற்றம். அதைச் சுற்றி ஓசரி என்கிற தாழ்வாரம். உள்ளே மாஜ்கர் என்கிற கூடம். (தஞ்சாவூரை 1670களில் ஏகோஜி பிடித்ததிலிருந்து 1855 வரை மராத்தியர்தானே ஆண்டார்கள். யார் யாரிடமிருந்து எதைக் கற்றார்கள் என்ற சண்டைக்கு நான் வரவில்லை.) சனிவார் வாடாவுக்கு முதலாம் பாஜிராவ் 1730இல் அஸ்திவாரம் போட்டார். தேக்கு ஜுன்னர் காடுகளிலிருந்தும், கல் சிஞ்ச்வட்டிலிருந்தும், சுண்ணாம்பு ஜேஜுரியிலிருந்தும் வந்ததாகச் சொல்வார்கள். அத்தனை தேக்கும் 1828 பிப்ரவரியில் பிடித்த தீயில் போயிற்று. இன்றைக்கு நாம் வார இறுதியில் விருந்தாளிகளைக் கூட்டிப்போய்க் காட்டுவது மதிலும் கதவும் அஸ்திவாரமும்தான். மர வேலை பார்க்க வேண்டுமானால் பக்கத்திலேயே இரண்டாம் பாஜிராவ் கட்டிய விஷ்ராம்பாக் வாடாவுக்குப் போங்கள்.

வாடாவில் நாற்காலி கிடையாது. 1790இல் பேஷ்வா தர்பாரில் ஆங்கிலேய ரெசிடெண்ட் சார்லஸ் மாலெட் ஒப்பந்தம் செய்துகொண்டதை தாமஸ் டேனியல் 1805இல் வரைந்திருக்கிறார். சபை தரையில்தான் உட்கார்ந்திருக்கிறது. மெத்தை, திண்டு, தலையணை, இதுதான் பைட்டக். சாப்பிட பாட் (நம்ம மணை), பூஜைக்குச் சௌரங் என்ற குட்டை மேஜை, கணக்கு எழுத மூடி சரிவாக இருக்கும் தரை மேஜை. பிறகு ஜோபாளா, அதாவது ஊஞ்சல். எல்லாமே தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள் முடிந்துவிடும். அதனால்தான் அந்த வீடுகளில் ஜன்னலின் அடிக்கட்டை தாழ்வாக இருக்கும், மாடம் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். உட்கார்ந்திருப்பவனின் கண் எங்கே இருக்கிறதோ அங்கே வீடு ஆரம்பிக்கிறது.

நம் வீடுகளும் அப்படித்தானே இருந்தன. நம் மொழியே சாட்சி. மேஜை, அலமாரி, ஜன்னல், சாவி எல்லாம் போர்த்துக்கீசியர் தந்த சொற்கள். நாற்காலியை நாம் கால்களை எண்ணிப் பெயர் வைத்துச் சொந்தமாக்கிக்கொண்டோம். யாழ்ப்பாணத்து நண்பர்கள் கதிரை என்பார்கள், அதுவும் போர்த்துக்கீசியச் சொல்தான். பீரோ பிரெஞ்சிலிருந்து கிளம்பியது. ஊஞ்சல், மணை, கட்டில், பத்தாயம் இவைதான் வீட்டோடு பிறந்தவை.

இந்த வாடாக்கள் எப்படிக் காலியாயின? 1947ஆம் வருஷத்து பம்பாய் வாடகைச் சட்டத்தில் வாடகை உறைந்துபோய், சொந்தக்காரர்களுக்கு ஓடு மாற்றக்கூடப் பணம் வரவில்லை. 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்தது. கீழே இருந்த கடக்வாஸ்லா அணையும் தாங்கவில்லை. முட்டா நதிக்கரைப் பேட்டைகளில் ஏராளமான வீடுகள் ஒரே நாளில் சரிந்தன. வயதான புனேக்காரர்களிடம் 'பான்ஷேத்' என்று மட்டும் சொல்லுங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள். அதற்குப் பிறகு வந்த பத்தாண்டுகளில் மிச்சம் இருந்தவற்றில் பலவற்றை பில்டர்கள் வாங்கி அபார்ட்மெண்ட் ஆக்கினார்கள்.

இந்தக் கதையில் ஒரு மனிதரைச் சொல்லாமல் போகக்கூடாது. தின்கர் கங்காதர் கேல்கர். 1896இல் பிறந்தவர், மூக்குக் கண்ணாடி வியாபாரம், 'அஞ்ஞாதவாசி' என்ற பெயரில் மராத்தியில் கவிதை எழுதுவார். 1920 வாக்கில் பழைய சாமான் சேர்க்க ஆரம்பித்தார். ராஜாக்களின் வாளும் கிரீடமும் அல்ல, வீட்டுச் சாமான்கள். பாக்குவெட்டி, விளக்கு, சீப்பு, அஞ்சறைப் பெட்டி, செதுக்கிய கதவு. ராஜா என்ற அவருடைய பையன் சின்ன வயதிலேயே இறந்துபோனான். அந்தக் குழந்தையின் பெயரைத்தான் 1962இல் மியூசியத்துக்கு வைத்தார். 1975இல் அத்தனையையும் மகாராஷ்டிர அரசுக்குக் கொடுத்துவிட்டார். இருபதாயிரத்துக்கு மேல் பொருள்கள். கோத்ருடிலிருந்த மஸ்தானி மகாலின் மர வேலைகளைக் கூடக் கொண்டுவந்து உள்ளே திரும்பவும் நிறுத்தியிருக்கிறார்கள். பழைய சாமான் வாங்க ஆசைப்படுகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் பாஜிராவ் ரோட்டில் இருக்கும் இந்த மியூசியத்தில் ஒரு மதியம் செலவழித்தால், கை செதுக்கிய மரம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும். எனக்கு அந்த மேஜைக்கு முன்பே இந்த புத்தி வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வகை கண்டோன்மெண்ட் பங்களா. 1817 நவம்பர் 5 அன்று கட்கி சண்டையில் பேஷ்வா தோற்றார். கிழக்கே கேம்ப் எழுந்தது. பிறகு பம்பாய் கவர்னரே மழைக்காலத்துக்கு இங்கே வர ஆரம்பித்தார். கணேஷ்கிண்டில் அவருக்காக 1860களில் கட்டத் தொடங்கிய மாளிகைதான் இன்றைய பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடம். கவர்னர் வந்தால் கூடவே செக்ரட்டரி, கர்னல், அவர்கள் மனைவிமார், அத்தனை பேருக்கும் சாமான். இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தால் வெப்பத்தில் பசை விட்டுப்போகும், பூச்சி அரிக்கும். அதனால் நம் ஊர்த் தச்சரிடம் ஒரு மாதிரியைக் காட்டி, தேக்கிலோ ஈட்டியிலோ செய்துவாங்கினார்கள். தச்சர் மாதிரியை அப்படியே செய்யவில்லை. முதுகுக்கு மெத்தைக்குப் பதில் பிரம்பு பின்னினார். காற்று வரும், மூட்டைப்பூச்சி ஒளிய இடம் குறைவு. சிங்கத்தின் பாதம் செய்யச் சொன்னால் கோயில் யாளியின் பாதம் வந்தது.

பிளாண்டர்ஸ் சேர் என்று இப்போது ஆன்லைனில் பெரிய விலை சொல்கிறார்களே, கை நீட்டி நீட்டி இருக்குமே, அது இந்த வகை. கைப்பிடிக்கு அடியிலிருந்து இன்னொரு கட்டை வெளியே திரும்பும். குதிரைச் சவாரி போய் வந்த துரை இரண்டு கால்களையும் அதன் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு சாய்வார். நம் தாத்தாக்களின் கேன்வாஸ் துணி போட்ட ஈஸி சேர் வேறு, அது கப்பல் தளத்து நாற்காலியின் வாரிசு. இரண்டையும் போட்டுக் குழப்பி விற்கிறார்கள்.

வெள்ளைக்கார அதிகாரிக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர். போகும்போது சாமானையெல்லாம் ஏலம் போட்டுவிட்டுப் போவார், வருகிறவர் ஏலத்தில் எடுப்பார். (நாம் ஆன்சைட் கிளம்பும்போது சோஃபாவையும் வாஷிங் மெஷினையும் வாட்ஸப் குரூப்பில் போடுவதில்லையா, அதேதான்.) படையோடு போகிறவர்களுக்கு என்றே மடக்குச் சாமான்கள் உண்டு. இரண்டாகப் பிரியும் டிராயர் பெட்டி, மூலைகளில் பித்தளைக் காப்பு, வெளியே துருத்தாமல் பள்ளத்தில் பதிந்த பிடி. கோவேறு கழுதையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாதியைக் கட்டுவதற்காகச் செய்தது. 1890களின் கடைசியில் ரூர்க்கியில் இருந்த ராணுவப் பொறியாளர்கள் பெயரில் ஒரு நாற்காலி வந்தது. நாலு கால், சில குறுக்குக் கட்டைகள், கேன்வாஸ், தோல் வார். பசை கிடையாது, ஆணி கிடையாது. மேடு பள்ளத்தில் வைத்தால் தானே சரிந்து நாலு காலிலும் உட்கார்ந்துகொள்ளும். 1933இல் டென்மார்க்கின் கோரே கிளிண்ட் செய்த 'சஃபாரி' நாற்காலிக்கு மூலம் இதுதான். ஸ்காண்டிநேவியன் டிசைன் என்று நாம் ஷோரூமில் வாய் பிளப்பதில் கொஞ்சம் நம் ரூர்க்கி இருக்கிறது.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, இரானி ஹோட்டல் நாற்காலி. பன் மஸ்கா சாப்பிடப் போகும்போது உட்கார்ந்திருப்பீர்கள். வளைந்த முதுகு, வட்டமான ஆசனம், கறுப்போ பழுப்போ. யஸ்த், கெர்மான் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த இரானியர்கள் பம்பாயிலும் புனேயிலும் மூலைக்கு மூலை ஹோட்டல் வைத்தார்கள். டெக்கான் ஜிம்கானாவில் இருக்கும் குட்லக் 1935இல் ஆரம்பித்தது. பாரசீகத்திலிருந்து வந்தவர்கள் போட்ட நாற்காலியின் ஊர் ஐரோப்பா. மைக்கேல் தோனெட் என்ற ஜெர்மானியத் தச்சர், பீச் மரக்கட்டையை நீராவியில் வேகவைத்து, வெளிப்பக்கம் இரும்புப் பட்டை வைத்து வளைக்கக் கற்றார். 1859இல் வந்த அவருடைய 14ஆம் நம்பர் நாற்காலியில் மொத்தம் ஆறு மரத்துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் முப்பத்தாறு நாற்காலி. 1930க்குள் ஐந்து கோடி விற்றதாகக் கணக்கு. கப்பலேற்றுவதற்காகவே செய்த நாற்காலி என்பதால்தான் அது உலகம் பூராவும் பரவியது.

ஜூனா பஜாரில் இதைப் பார்த்தால் கவிழ்த்துப் பாருங்கள். ஆசனத்தின் அடியில் காகித லேபிளோ சூடு வைத்த முத்திரையோ இருந்தால் அதிர்ஷ்டம். செக்கோஸ்லோவாகியா என்று இருந்தால் 1918க்குப் பிறகுதான், ஏனென்றால் அதற்கு முன் அப்படி ஒரு நாடே இல்லை. போலந்து என்று இருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். நான் இரண்டு வாங்கினேன். ஒன்றில் பாதி கிழிந்த லேபிள், போலந்து. இன்னொன்றில் எதுவும் இல்லை. காகா லேபிள் உள்ளதற்கு இருநூறு ரூபாய் அதிகம் வாங்கிக்கொண்டார்.

இப்போது மரத்துக்கு வருகிறேன். கடையில் எதைத் தொட்டாலும் 'பர்மா தேக்கு' என்பார்கள். தேக்கு நம் சொல். மலையாளமும் தமிழும் கொடுத்து, போர்த்துக்கீசியம் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. மலபாரில் கப்பலுக்கும் வீட்டுக்கும் வெட்டி வெட்டிக் காடு தீர்ந்துபோய், 1840களில் நிலம்பூரில் கலெக்டர் கனோலி தேக்கை நட்டு வளர்க்க ஆரம்பித்தார். சாத்து மேனன் என்பவர்தான் அதை முன்னின்று நடத்தியவர். ஆனால் கண் பர்மா மேல்தான். 1863இல் பம்பாயில் ஆரம்பித்த பாம்பே பர்மா கம்பெனி, எடுத்த மரத்தைக் குறைத்துக் கணக்குக் காட்டியது என்று 1885இல் பர்மா அரசர் தீபாவின் மன்றம் பெரிய அபராதம் போட்டது. பிரிட்டிஷாருக்கு அது போதுமான சாக்கு. நவம்பரில் படை போனது, இரண்டு வாரத்தில் அரசர் கைதி. குடும்பத்தோடு கப்பலேற்றிச் சில மாதங்கள் சென்னையில் வைத்திருந்துவிட்டு, 1886இல் ரத்னகிரிக்குக் கொண்டுபோனார்கள். 1910இல் அங்கே அவருக்கு ஒரு மாளிகை கட்டிக்கொடுத்தார்கள். 1916இல் அங்கேயே இறந்தார். அல்போன்சா மாம்பழத்துக்காக ரத்னகிரி போகிறவர்கள் தீபா அரண்மனையையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். பர்மா தேக்கு என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பெருமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று அந்த வெறும் கூடத்தில் நின்றால் கொஞ்சம் உறைக்கும்.

அதே பர்மாவுக்கு நம் நகரத்தாரும் போனார்கள், கடன் கொடுத்தார்கள், செட்டிநாட்டில் பர்மா தேக்குத் தூண் நிறுத்தி வீடு கட்டினார்கள். 1942இல் ஜப்பான் வந்தபோது அங்கிருந்த சொத்தை விட்டுவிட்டு வந்தார்கள். ஒரு வீட்டுக்கு நாற்பது பங்காளி என்று ஆன பிறகு, வீடுகள் பிரிக்கப்பட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் தூணாகவும் கதவாகவும் எனாமல் தூக்காகவும் நிற்கின்றன. அந்தத் தெருவில் எனக்கு எப்போதும் இரண்டு மனசு. சாமான் அழகு. ஆனால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் இல்லாமல் போன ஒரு வீடு இருக்கிறது. இப்போது எங்கள் வீடும் அந்தத் தெருவுக்குப் போகப்போகிறது என்றதும், வாங்குகிறவனாக இருந்து பார்த்ததெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது.

அனுபவத்தில் கற்ற சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், என்னைப் போல ஏமாறாமல் இருக்க. மேல் பாலிஷைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். பழைய தச்சர் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தை இழைத்துப் பொழுதை வீணாக்கமாட்டார். ரம்பத்தின் கோடு நேராகவும் ஒழுங்கில்லாமலும் இருந்தால் கை ரம்பம், வில் மாதிரி வளைந்திருந்தால் மெஷின். வட்ட மேஜை என்றால் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். மரம் நாருக்குக் குறுக்கேதான் சுருங்கும், அதனால் நிஜமான பழைய வட்டம் கொஞ்சம் முட்டையாகியிருக்கும். அச்சாக வட்டமாக இருந்தால் சந்தேகம் வரவேண்டும். சின்ன ஓட்டைகள் இருந்தால் பயமில்லை, ஓட்டைக்குக் கீழே மாவு மாதிரிப் புதுத் தூள் கொட்டியிருந்தால் உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது, வீட்டுக்குள் விடாதீர்கள்.

'ஆண்டிக்' என்பதற்கு நூறு வயது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பாலும் சுங்க இலாகாவிலிருந்து. அமெரிக்காவில் 1930 சட்டப்படி 1830க்கு முந்தியதுதான் ஆண்டிக், 1966இல் அதை நூறு வருஷம் என்று மாற்றினார்கள். நம் ஊரில் 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டமும் நூறு என்கிறது. 'விண்டேஜ்' என்பதற்குச் சட்டமெல்லாம் கிடையாது, கடைக்காரர் வாய்தான் சட்டம். ஆகவே நியூஜெர்சியிலும் சிட்னியிலும் இருந்துகொண்டு ஊர்ச் சாமானைக் கண்டெய்னரில் ஏற்றலாம் என்று நினைக்கும் நண்பர்களே, நூறு வயது தாண்டிய கலை வேலைப்பாட்டுச் சாமானைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய அந்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. வயது குறைவு என்றால் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஈட்டி மரம் என்றால் இன்னொரு தொல்லை. 2017இலிருந்து அந்த மர இனம் முழுவதும் சர்வதேசக் கட்டுப்பாட்டில் வந்துவிட்டது, பத்து கிலோவுக்கு மேல் போனால் தனி அனுமதி வேண்டும். ஈட்டியில் ஒரு நாற்காலியே அந்த எடையைத் தாண்டும்.

சரி, ஊஞ்சல். எங்கள் ஹாலில் தரையிலிருந்து சீலிங் ஒன்பதரை அடி. ஊர் வீட்டில் தேக்கு உத்திரத்தில் வளையம் இருந்தது. இங்கே வெறும் ஸ்லாபில் துளை போட்டு மாட்டக்கூடாது, பீமில்தான் மாட்ட வேண்டும் என்று எஞ்சினியர் நண்பர் சொன்னார். எங்கள் ஹாலில் பீம் போவது சரியாக டிவி இருக்கும் சுவர் ஓரம். சங்கிலி பிடித்து ஆட இரண்டு பக்கமும் நாலடியாவது காலியாக வேண்டும். மாட்டினால் டைனிங் டேபிளைக் குறுக்கே வைக்க முடியாது. லிஃப்டிலும் பலகை ஏறாது, ஒன்பது மாடி படியில் தூக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடிக்கலாம்தான். ஆட முடியாமல் ஒரு மூலையில் தொங்கும் ஊஞ்சல், பூத்தொட்டி வைக்கும் இடமாகிவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். காரைக்குடிக்காரர் டேப்பும் நோட்டுமாக வந்திருந்தார். நல்ல மனுஷர், எதையும் குறைத்துப் பேசவில்லை. ஊஞ்சலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஏதாவது ரிசார்ட்டுக்குப் போயிடும் தம்பி, செல்ஃபி எடுக்க" என்றார். அத்தை அதுவரை எதுவும் கேட்காமல் ரேழியில் நின்றிருந்தாள். "எங்காத்து உத்திரம் தாங்கும்" என்றாள் மெதுவாக. தஞ்சாவூரில் அவளுடையது தனி வீடு, ஓட்டு வீடு. பெரியப்பா தலையாட்டினார். ஊஞ்சல் அங்கே போயிற்று. அலமாரி, பத்தாயம், இரண்டு கட்டில், திண்ணைத் தூண் நாலு, காரைக்குடிக்காரர் லாரியில் ஏறின. தூணைப் பெயர்க்கும்போது அப்பா பார்க்கவில்லை, குளத்துப் பக்கம் போய்விட்டார்.

நான் எடுத்துக்கொண்டது யாரும் கேட்காத ஒன்றை. கூடத்து மூலையில் தூசியோடு கிடந்த தரை மேஜை. மூடி சரிவாக, உள்ளே பேரேடு வைக்க அறை, ஓரத்தில் மசிக்கூடு வைக்கக் குழி. இரண்டடிக்கு ஒன்றரை அடி. பழைய வேட்டியில் சுற்றி, மேலே சாக்கு தைத்து, பார்சல் லாரியில் போட்டால் எட்டு நாளில் புனே வந்துவிட்டது. லிஃப்டில் சௌகரியமாக ஏறியது. அந்தப் 'பர்மா தேக்கு' டேபிளை யாரோ வந்து எடுத்துக்கொண்டுபோனார்கள், கேட்ட விலைக்குக் கொடுத்தேன், என்ன மரம் என்று உண்மையையும் சொல்லிவிட்டுத்தான்.

பங்குனியில் அப்பா வந்திருந்தார். என் பெண் ஜன்னல் ஓரம் தரையில் சம்மணம் போட்டு அந்த மேஜையில் மராத்திப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. போலந்து நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, வலது மூலையில் இருந்த நீலக் கறையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்த மசி இருக்கே, கொட்டினது உன் பெரிய தாத்தா. அடி வாங்கினது நான்."